குடியெழுப்பும் கொடுமையும் நமது இலக்கியமும்

வன்னி நிலத்தில் ஒரு சொல் வழங்குகிறது. நித்திரையில் கிடப்பவனை எழுப்புவதற்கும் அந்தச் சொல்தான். ஒருவன் ஆண்டாண்டாகக் குடியிருந்த மண்ணிலிருந்து அவனைத் துரத்துவதற்கும் அந்தச் சொல்தான். “எழும்பு” என்பதே அது. காணிக்காரன் சொல்லி அனுப்புகிறான்: “வாற கிழமைக்குள்ளை எழும்பச் சொல்லு.” வழக்கும் இல்லை, நீதவானின் கட்டளையும் இல்லை, பிஸ்கால் உத்தியோகத்தர் வந்து நிற்கவும் இல்லை. வாய்ச்சொல் ஒன்று போதுமாக இருக்கிறது. அடுப்பும் உலைமூடியும் கோழிக்கூடும் பிள்ளைகளின் புத்தகப் பைகளும் தெருவோரத்துக்கு வந்து விடுகின்றன. நட்டு வளர்த்த தென்னையும் பலாவும் அங்கேயே நின்று விடுகின்றன.

இந்த ஒரு சொல்லை நமது இலக்கியம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மண்ணைப் பாடாத ஈழத்து எழுத்தாளன் இல்லை. ஆனால் அந்த மண்ணில் நிற்கும் காலின் உரிமையைப் பேசியவர் எத்தனை பேர்? இக்கேள்வியை எழுப்புவதில் நமக்கு எவர்மீதும் பகைமையில்லை. நாம் மதிக்கும் படைப்புகளையே இங்கே எடுத்துக்கொள்கிறோம்; மதிக்காதவற்றை விமரிசிப்பதில் பயன் எதுவும் இல்லை.

முதலில் சட்டத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நமது முற்போக்கு எழுத்தாளரிற் பலர், சட்டம் உடையவன் கையிலுள்ள ஆயுதம் என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பளித்து அப்பாற் சென்று விடுவர். இத்தீர்ப்பிற் பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாமலிருப்பதால் நட்டப்படுகிறவன் குடியிருப்பவனே.

இலங்கையில் உறுதி தன் பெட்டியிலிருக்கிறது என்பதற்காக எந்தக் காணிக்காரனும் தன் கையாலே இன்னொருவனைக் குடியெழுப்ப முடியாது. அவன் வழக்கிட வேண்டும், தீர்ப்புப் பெறவேண்டும், அத்தீர்ப்பை நீதிமன்றத்தின் உத்தியோகத்தர் மூலமே நிறைவேற்ற வேண்டும். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு ஓர் அருமையான கோட்பாட்டைச் சொல்கிறது. சட்டத்தின் வழியன்றி அசைவற்ற ஆதனமொன்றின் உடைமையிலிருந்து அகற்றப்பட்டவர், ஓராண்டுக்குள் வழக்கிட்டால், தமக்கு ஆட்சியுரிமை உண்டென்று நிறுவாமலே அவ்வுடைமையைத் திரும்பப் பெறலாம். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம், காணித் தகராற்றினால் சமாதானக் குலைவு நேரக்கூடுமிடத்துப் பொலிஸாரோ தரப்பாரோ நீதிமன்றத்துக்கு அறிவிக்க வழி செய்கிறது. அவ்வாறு அறிவிப்பதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் ஒருவர் பலவந்தமாக அகற்றப்பட்டிருந்தால், அவரை மீண்டும் அங்கே இருத்துமாறு நீதவான் கட்டளையிடலாம். ஓராண்டு, இரண்டு மாதம் என்னும் இந்த இரு கணக்குகளையும் வன்னியின் ஒவ்வொரு வாசிகசாலைச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

வீட்டு வாடகை விடயத்தில் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் உண்டு. அது செல்லுமிடங்களில், சட்டம் குறிப்பிடும் காரணங்களுக்காகவன்றி வீட்டுக்காரன் வழக்குத் தொடுக்கவே இயலாது. வாடகையை வாங்க அவன் மறுத்தால், உள்ளூராட்சி மன்றத்திற் கட்டிப் பற்றுச்சீட்டுப் பெறலாம். பின்வந்த திருத்தங்கள் பல வீடுகளை இச்சட்டத்தின் வெளியே தள்ளிவிட்டன என்பது மெய்யே. எனினும் வெளியே தள்ளப்பட்ட வீட்டிலிருந்தும் வழக்கின்றி ஒருவரை இழுத்தெறிய எவருக்கும் உரிமையில்லை.

வயல்நிலத்துக்கு வேறு வரலாறு. அமைச்சர் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம், குத்தகைக் கமக்காரனுக்கு நிலையான செய்கையுரிமையைத் தர முயன்றது. நிகழ்ந்தது என்ன? சட்டம் வருகிறது என்ற செய்தி கேட்டே நாடெங்கும் நிலவுடையோர் குத்தகைக்காரரை வயலிலிருந்து எழுப்பினர். எஞ்சிய பலரைக் கூலிக்காரர் என்று பெயர் மாற்றி வைத்தனர். சட்டத்தின் ஓட்டைகளை அடைப்பதற்குப் பின்னர் திருத்தங்கள் வேண்டியிருந்தன. அதன் வழிவந்ததே இன்று நடைமுறையிலுள்ள 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். குத்தகைக் கமக்காரனை எழுப்புவதை அதுவும் தடுக்கிறது. ஆனால் கமநல சேவை நிலையத்தின் காணிப் பதிவேட்டில் அவன் பெயர் இல்லாவிட்டால், தானே அந்த வயலின் குத்தகைக்காரன் என்பதை அவன் எதைக் காட்டி நிறுவுவான்?

ஆக, பிரச்சினையின் வேர் எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. அது பெயரில் இருக்கிறது. காணிக்காரன் தன் நிலத்தில் இருப்பவனை ஒருபோதும் ‘குத்தகைக்காரன்’ என்று அழைப்பதில்லை. ‘காவலுக்கு விட்ட ஆள்’ என்கிறான். ‘நம்மடை பொடியன்’ என்கிறான். ‘பாவம் பார்த்து இருக்க விட்டனான்’ என்கிறான். இவை வெறும் பேச்சுவழக்கென்று எண்ணுவது தவறு. வாடகை கொடுப்பவனுக்கு ஓர் உரிமை; வாரத்துக்குச் செய்பவனுக்கு ஓர் உரிமை; இன்னொருவனுக்காகக் காவலிருப்பவனுக்கு அவ்வுரிமைகளில் ஒன்றும் இல்லை. அனுமதியோடு உள்ளே வந்தவன் முப்பது ஆண்டுகள் இருந்தாலும், உடையவனுக்கு மாறாகத் தன் உரிமையை வெளிப்பட நாட்டாத வரையில், காலவிதிப்பினால் அந்த நிலத்தைத் தனதாக்கிக்கொள்ளவும் முடியாது. இருபது ஆண்டு உழைப்பை ஒரே சொல்லில் அழித்துவிடும் வல்லமை இந்தப் பெயர்களுக்கு உண்டு. சொற்களோடு தொழில் புரியும் எழுத்தாளனுக்கு இதிலே கடமை இல்லையா?

*

இனி நமது நாவல்களுக்கு வருவோம்.

வன்னியின் மனிதரைத் தமிழ் நாவலில் உயிரோடு நடமாட விட்டவர்களுள் அ. பாலமனோகரன் முதன்மையானவர். 1973 இல் வெளிவந்த ‘நிலக்கிளி’ தண்ணிமுறிப்புக் காட்டுப் புறத்தைக் களமாகக் கொண்டது. காடு வெட்டி, வேலி அடைத்து, குடில் கட்டி வாழ முனையும் இளந்தம்பதியரை அவர் காட்டும் பாங்கில் போலித்தனம் இல்லை. பேச்சும் மரமும் மிருகமும் மண்ணோடு ஒட்டியவை. இந்நாவலை நாம் பன்முறை விரும்பிப் படித்திருக்கிறோம். எனினும் ஒன்றைக் கூறாமலிருக்க முடியாது. அந்த நாவலின் காடு எவனுக்கும் சொந்தமில்லாத காடு போலத் தோன்றுகிறது. உழைப்பவன் வெட்டினால் அது அவனுடையதாகிவிடும் என்ற நம்பிக்கை அதன் அடியில் ஓடுகிறது. அழகான நம்பிக்கைதான். ஆனால் வரலாறு அதற்கு இணங்கவில்லை. அந்தத் தண்ணிமுறிப்பு மக்களே 1984 இன் இறுதியில், கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களோடு சேர்த்து, தம் ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்டார்கள். நாவலின் காடு யாருடையது என்ற கேள்விக்கு நாவலாசிரியர் தராத விடையைத் துப்பாக்கி தந்தது.

செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ 1977 இல் வந்தது. நிருவாக அதிகாரியாகப் பணிபுரிந்தவர் அதன் ஆசிரியர். கச்சேரிக் கோவைகளுக்குள் நடப்பது அவருக்குத் தெரியும். வன்னியின் ஏழைக் கமக்காரரை அதிகாரிகளும் பணம் படைத்தோரும் எவ்வாறு சுரண்டுகிறார்கள் என்பதைத் துணிந்து எழுதினார். ‘நிலக்கிளி’யில் இல்லாத சமூகப் பகைமுரண் இங்கே வெளிப்படுகிறது, அது ஒரு முன்னேற்றம். ஆயினும் கொடுமை இங்கே கெட்ட அதிகாரியின் குணத்திலிருந்து பிறப்பதாக வாசகன் எண்ணிவிட இடமுண்டு. கெட்டவன் போய் நல்லவன் வந்தால் கோவை நேராகிவிடுமா? பதிவேட்டில் பெயரில்லாதவனுக்கு நல்ல அதிகாரியும் கைவிரிக்க வேண்டியவனே.

யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட கே. டானியல் இவ்விடயத்தில் ஒருபடி மேலே சென்றவர் என்பது நம் துணிபு. 1972 இன் ‘பஞ்சமர்’ முதலாக அவர் எழுதிய நாவல்கள், சாதி என்பது மனத்திலிருக்கும் மூடநம்பிக்கை மட்டுமன்று, அது நிலத்திலே ஊன்றிய உறவு என்பதைக் காட்டின. தாழ்த்தப்பட்ட மக்கள் வேளாளரின் காணிகளிற் குடியிருந்தவர்கள். ஆலயத்துள் நுழைவேன் என்றாலும், தேநீர்க்கடையிற் சமமாக இருப்பேன் என்றாலும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவேன் என்றாலும் அவர்கள் கேட்க நேர்ந்த மறுமொழி ‘எழும்பு’ என்பதே. எவன் காலடி நிலத்துக்கு இன்னொருவன் உடையவனோ, அவனது குரலுக்கும் அந்த இன்னொருவனே உடையவனாகிறான். இதைவிடத் தெளிவாக இவ்வுண்மையை நமது புனைகதை சொன்னதில்லை. டானியலின் எழுத்திற் செப்பம் குறைவென்று குறைகூறுவோர் உண்டு. செப்பம் மிக்க எழுத்தாளர் பலர் இதைக் காணவே இல்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

மலையகத்துக்கு வருவோம். சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். 1947 இல் தலவாக்கொல்லையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர், தொழிற்சங்கவாதி. அவருக்கு இந்தப் பெயரின் கனம் தெரியும். தோட்டத்தில் வேலையும் லயத்து அறையும் ஒரே கயிற்றிற் கட்டப்பட்டவை. சங்கம் அமைத்தவனுக்கு வேலை போகும். வேலை போனவனுக்குக் கூரையும் போகும். 1946 இல் கேகாலை மாவட்டத்து உருளவள்ளித் தோட்டத்தில், கிராம விஸ்தரிப்புக்கென அரசு நிலத்தை எடுத்துக்கொண்டு தொழிலாளரை வெளியேறச் சொன்னபோது, அவர்கள் தாம் பிறந்து வளர்ந்த இடத்திலேயே அத்துமீறியவர்களாகக் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். அதற்கெதிராக ஏனைய தோட்டங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கியமை நமது தொழிலாளர் வரலாற்றின் பெருமைமிக்க பக்கம்.

அந்த வீடற்றவன் பின்னர் எங்கே சென்றான்? இக்கேள்விக்கு நாவல்கள் தரும் விடை மிகச் சொற்பம். வாழ்க்கை தரும் விடையோ நம் கண்முன் நிற்கிறது. 1970 களின் தொடக்கத்துப் பட்டினியும், 1977 இன் வன்செயலும், 1983 இன் கொடுமையும் துரத்த, அவன் வன்னிக்கு வந்தான்.

*

வன்னியில் அவனுக்கு என்ன காத்திருந்தது?

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ், இரணைமடுவின் நீர் பாயும் நிலங்களிலும் பிற குளங்களின் கீழும் குடியேற்றத் திட்டங்கள் உருவாயின. நிலமற்ற கமக்காரருக்கு வழங்கிய காணிகளோடு, மத்தியதர வகுப்புத் திட்டம் என்ற பெயரிற் பெருந்துண்டுக் காணிகளும் வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றோரிற் பலர் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உத்தியோகம் பார்த்தவர்கள். காடு வெட்டவும் வரம்பு கட்டவும் இரவிற் பன்றி கலைக்கவும் ஆட்கள் வேண்டும். மலையகத்திலிருந்து வந்தவன் அந்த ஆளானான். லயத்தை விட்டுக் கொட்டிலுக்கு வந்தான். துரையின் நிலத்திலிருந்து ‘ஐயா’வின் நிலத்துக்கு வந்தான். எழுத்தில் ஒன்றும் இல்லை.

மருத்துவர் இராசசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் இயக்கம், இம்மக்களை வவுனியாவிலும் சூழவுள்ள பகுதிகளிலும் பண்ணைகளிற் குடியேற்ற முயன்றது. 1983 ஏப்பிரலில் இருவரும் கைதானார்கள். யூலை 27 இல் வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். 1984 இல் டொலர், கென்ற் பண்ணைகளில் வாழ்ந்த மலையகக் குடும்பங்கள் துரத்தப்பட்டு, அங்கே சிறைக்கைதிகளும் குடும்பங்களும் குடியேற்றப்பட்டனர். அவ்வாறு கொண்டுவந்து இருத்தப்பட்டவர்களும் அவ்வாண்டு நவம்பர் 30 இல் நிகழ்ந்த தாக்குதலிற் கொல்லப்பட்டார்கள். துரத்தப்பட்டவனும் ஏழை, துரத்தப்பட்டவனின் இடத்தில் இருத்தப்பட்டு மாண்டவனும் ஏழை. அவர்களை எழுப்பியும் இருத்தியும் விளையாடியவர்களுக்கு ஒரு கீறலும் விழவில்லை.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதாவிட்டால் நாம் நேர்மையற்றவர்களாவோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை எழுப்பினர். முல்லைத்தீவு முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். பல தலைமுறைகள் வாழ்ந்த வீடுகளை அவர்கள் மிகக் குறுகிய தவணையில் விட்டகன்றனர். தமிழில் உத்தரவிட்டதனால் அந்தக் கொடுமை சிறிதாகி விடவில்லை. எழுப்புகிறவனின் மொழியைப் பார்த்துக் கண்ணீரின் அளவைத் தீர்மானிக்கும் இலக்கியம், முற்போக்கு என்ற பெயருக்கு அருகதையற்றது.

2009 இல் யுத்தம் முடிந்தபின் மக்கள் மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பினார்கள். வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. வீடு கட்ட உதவி பெறுவதற்குக் காணியின் உரிமைப் பத்திரம் கேட்கப்பட்டது. பிறர் காணியில் இருந்தவனிடம் பத்திரம் ஏது? அவன் தகரத்தின் கீழேயே தங்கினான். யுத்தத்துக்கு முன் மறைந்திருந்த வேறுபாட்டை வீட்டுத்திட்டம் வெளிச்சமிட்டுக் காட்டியது. ஒரே செல்வீச்சில் ஓடி, ஒரே முகாமிற் கிடந்து, ஒரே வரிசையிற் கஞ்சி வாங்கியவர்களுள், ஒருவனுக்குக் கல்வீடு. மற்றவனுக்கு ‘எப்ப எழும்பப் போறாய்’ என்ற கேள்வி. 2017 இன் முற்பகுதியில் கிளிநொச்சிப் பன்னங்கண்டி மக்கள், தாம் நெடுங்காலம் குடியிருக்கும் தனியார் காணிகளுக்கு உரிமையும் நிலையான வீடும் கோரித் தெருவோரத்திற் போராடினார்கள். அதே காலத்தில், அவ்வாண்டு சனவரி 31 முதல் மார்ச் 1 வரை, கேப்பாப்பிலவின் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாசலில் இரவு பகலாகக் கிடந்து தம் சொந்தக் காணிகளை மீட்டார்கள். பின்னதைப் பற்றிக் கவிதைகள் பிறந்தன, அது வேண்டியதே. முன்னதைப் பற்றி ஏன் பிறக்கவில்லை? பிலக்குடியிருப்பில் எதிரே நின்றது படை. பன்னங்கண்டியில் எதிரே நின்றது நமது சமூகத்தின் சொத்துரிமை. படையை எதிர்த்து எழுதுவதற்கு ஒரு துணிவு வேண்டும். அயலவனின் உறுதிப் பெட்டியைப் பார்த்து எழுதுவதற்கு வேறொரு துணிவு வேண்டும். இந்த இரண்டாவது துணிவு நம்மிடம் குறைவு.

காணிக்காரர் எல்லாரும் கொடியோர் என்று நாம் கூறவில்லை. அவர்களிலும் யுத்தத்தில் அனைத்தையும் இழந்து கடல்கடந்தோர் உண்டு. அவர்கள் இல்லாத காலத்திற் பிறர் காலவிதிப்பினால் உரிமை கோரி விடாதவாறு, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு ஒரு விசேட பாதுகாப்பை அளித்தது. அது நியாயமே. ஆனால் ஓடிய உடைமைக்காரனுக்காக ஒரு சட்டம் இயற்றத் தெரிந்த நாட்டுக்கு, அவன் ஓடிய காலத்திலும் அந்த மண்ணிலே கிடந்து அதைக் காத்தவனுக்காக ஒரு சட்டம் இயற்றத் தெரியவில்லையே என்பதுதான் நமது வழக்கு. அரச காணியிலுள்ளவனின் நிலை இன்னும் கேடானது. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் மீளப்பெறுதல் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டவன், செல்லுபடியான அனுமதிப்பத்திரம் ஒன்றைக் காட்டினாலன்றி வேறெதையும் வாதாட முடியாது. அங்கே நீதிமன்றக் கட்டளை உண்டு. நீதி விசாரணைதான் இல்லை.

*

பிற இலக்கியங்கள் இவ்விடயத்தை எவ்வாறு கையாண்டன? அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப் 1913 இல் வெளியிட்ட நாவலில், விதானை ஒருவன் சேனைக்கான அனுமதியை மறுத்தே ஒரு குடும்பத்தை அழித்து விடுகிறான். வழக்கு மன்றத்துக்குப் போகிறது. மன்றத்தின் மொழியே அந்தக் காட்டுமனிதருக்குப் புரிவதில்லை. ஸ்டெயின்பெக் 1939 இல் அமெரிக்கக் குத்தகை உழவரை எழுதியபோது, வீட்டை இடிக்க வரும் உழவு இயந்திரக்காரனும் ஓர் ஏழை என்பதையும், அவனுக்குப் பின்னால் வங்கியும் வங்கிக்குப் பின்னால் மூலதனமும் இருப்பதையும் காட்டினார். கோபங்கொண்ட உழவன் யாரைச் சுடுவதென்று தெரியாமல் நிற்கிறான். தனிமனிதனின் தீக்குணத்தைத் தாண்டி அமைப்பைக் காணும் பார்வை இது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் தமிழிலே உண்டு. 1968 டிசம்பர் 25 இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்ட நிகழ்ச்சியைத் தழுவி இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’, நிலப்பிரபுவின் கொடுமைக்குக் காரணத்தை அவனது ஆண்மைக்குறையிலே தேடியது. முற்போக்காளர் அதைக் கண்டித்ததில் தவறில்லை. குடிசையை எரிப்பவனின் உடற்கூற்றை ஆராயும் நாவல், குடிசை எவன் நிலத்தில் இருந்தது என்ற கேள்வியை விட்டு விடுகிறது.

தமிழ்நாடு 1971 இல் ஒரு சட்டம் இயற்றி, பிறர் நிலத்திற் குடிசை கட்டி வாழ்ந்த விவசாயத் தொழிலாளருக்கும் கைவினைஞருக்கும் அந்தக் குடியிருப்பு மனையையே உரிமையாக்கியது. வங்காளம் 1978 தொடக்கம் வயல் வயலாகச் சென்று பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாரக்காரரின் பெயர்களைப் பதிந்தது. இவை வானத்திலிருந்து விழுந்தவையல்ல, போராட்டத்தாற் கிடைத்தவை. ஓர் ஊரிற் செய்ய முடிந்ததை மற்றோர் ஊரிற் செய்ய முடியாது என்று யார் விதித்தார்?

நமது எழுத்தாளரிடம் நாம் கேட்பது சுலோகங்களை அன்று. இன்று வன்னிக்குப் போங்கள். ஒரு கொட்டிலின் முன் அமர்ந்து, இந்த மரத்தை யார் நட்டது, இந்தக் கிணற்றை யார் வெட்டியது, குத்தகை நெல்லை யாரிடம் அளந்தீர்கள், அதற்குத் துண்டு உண்டா என்று கேளுங்கள். விடைகளை உள்ளபடி எழுதுங்கள். காணிக்காரனின் வாயில் ‘காவல்காரன்’ எனப்படுபவனுக்கு அவனது மெய்யான பெயரை உங்கள் கதையிலே கொடுங்கள். எழுப்பப்படுகிறவன் கண்ணீரோடு மூட்டை கட்டும் காட்சியோடு கதையை முடித்து விடாதீர்கள்; அவன் நீதிமன்றப் படியேறுவதையும், அதற்கான இரண்டு மாதக் கணக்கு அவனுக்குத் தெரியாமற் போனதையும், தெரிந்தபோது அயலவர் சாட்சி சொல்ல வந்ததையும் வராததையும் எழுதுங்கள். அவலத்தைப் பாடும் இலக்கியம் நம்மிடம் நிறைய உண்டு. உரிமையை உணர்த்தும் இலக்கியமே இப்போது வேண்டியது.

‘எழும்பு’ என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் தமிழிலே உண்டு. அதை முதலிற் சொல்ல வேண்டியவன் காணிக்காரன் அல்லன்.